செத்தவரைப் பற்றி இரண்டு வார்த்தை

சடகோபன் செத்துப்போன விஷயம் சடகோபனுக்கே போன மாசம்தான் தெரிந்தது.

கே.ஜி.கண்டிகை டீக்கடையில் ஒருத்தன் செல்போனை நீட்டி, "பெருசு, உன் புள்ள பேசறான் பாரு," என்றான். பார்த்தார். மகன் டில்லிபாபு கோட்டு மாட்டிக்கொண்டு சென்னையில் ஏதோ ஒரு மேடையில் நின்றிருந்தான். ப்ளஸ் டூ ரிசல்ட் வந்த அன்று, பஸ் கண்டக்டராக இருந்த தன் அப்பா ஓடும் பஸ்ஸிலேயே உயிரை விட்ட கதையைச் சொல்லிக்கொண்டிருந்தான். அப்பாவின் கடைசி மூச்சு விசிலில் போனதாம். பேச்சுக்கே 'கடைசி விசில்' என்றுதான் பெயர். பத்து லட்சம் பேர் பார்த்திருந்தார்கள். அதில் பாதிப்பேர் கீழே அழுகிற பொம்மை போட்டிருந்தார்கள்.

சடகோபன் டீயைப் பாதியில் வைத்துவிட்டு வீட்டுக்கு நடந்தார். கோபம்கூட வரவில்லை. எழுபத்து நாலு வயசில் கோபப்படுவதற்கு முன்னால் உட்கார ஒரு இடம் தேட வேண்டியிருக்கிறது.

அதே டில்லிபாபு போன வாரம் காரில் வந்து இறங்கினான். "நைனா, கனிக்கு ஒரு எடம் வந்துகீது," என்று ஆரம்பித்தான். ஆர்.கே.பேட்டையில் டிராக்டர் ஷோரூம் வைத்திருக்கும் கஜபதியின் மகன் குமரேசன். நல்ல பையன். பேத்தி கனிமொழிக்கும் பிடித்துவிட்டது. இடைஞ்சல் ஒன்றே ஒன்றுதான். கஜபதி 'கடைசி விசிலை' நாலு தரம் பார்த்து நாலு தரமும் அழுதவர். தகப்பன் இல்லாமல் வளர்ந்து இவ்வளவு தூரம் வந்த மனுஷன் வீட்டில் பெண் எடுக்க வேண்டும் என்றுதான் அவர் பேச்சையே எடுத்தார்.

விசாரிக்காமல் இருப்பார்களா? விசாரித்தார்கள். டில்லிபாபு வீடு கட்டியிருப்பது திருத்தணி பைபாஸ் ஓரத்துப் புது நகரில். அங்கே எல்லாரும் நேற்று வந்தவர்கள். கேட்டவர்களுக்கு அவர்கள் யூடியூபில் பார்த்ததைச் சொல்லி அனுப்பினார்கள்.

ஆகவே, ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வரும்போது, செத்துப்போன சடகோபனுக்கு அண்ணனாகச் சடகோபன் வந்து உட்கார வேண்டும். பெரியவர் என்று ஒருத்தர் இல்லாமல் பெண் காட்டினால் நன்றாக இருக்காது அல்லவா?

சடகோபன் சரி என்று சொல்லிவிட்டார். பேத்திக்காகச் சொன்னார். மனைவி பாஞ்சாலி சொல்லவில்லை.

*

ஞாயிறு காலை டில்லிபாபு போன் போட்டான். சடகோபனுக்குக் காது மந்தம். அதனால் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார்கள். குடும்ப ரகசியம் பக்கத்து வரப்பு வரை கேட்கும்.

"அம்மா, நீயும் வந்துடும்மா. பொட்டு மட்டும் கொஞ்சம் சின்னதா வெச்சிக்கோ. தாலிய ஜாக்கெட்டுக்குள்ள போட்டுக்கோ. ஒரு மணி நேரந்தான்."

பாஞ்சாலி வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

"உங்கப்பன் என் எதுர்ல குந்திகினு நாஷ்டா துன்னுகினு கீறான். அவன் இட்லி முழுங்கறது உனுக்குக் கேக்குதா?"

"அம்மா, புரிஞ்சிக்கோயேன்."

"புரிஞ்சிகினுதான் பேசறேன். இன்னிக்கு எப்பவும் வெக்கறதவிட பெருசா வெக்கப்போறேன். தெரு மொனையிலயே தெரியணும். நான் வரல. உன் காரு இந்தப் பக்கம் வந்தா வாசல்லயே நிறுத்திப்புடுவேன்."

பிறகு, "சரி, அந்தப் பழைய விசிலயாவது நைனாகிட்ட குடுத்து அனுப்பு. சாயந்திரம் மண்டபத்துல பேசறேன். ஒரிஜினலக் காட்டினா நல்லாருக்கும்," என்றான்.

"கடலைக்குப் பன்னி வந்துகினு கீது. விசில் எனுக்கு வேணும்."

அந்த விசில் சடகோபன் ரிட்டையர் ஆகும்போது பையோடு வீட்டுக்கு வந்தது. இப்போது கறுப்புக் கயிற்றில் பாஞ்சாலி கழுத்தில் தொங்குகிறது. பன்றிக்கும் அதுதான், கிளிக்கும் அதுதான், நிலத்தின் கோடியில் நிற்கும் புருஷனுக்கும் அதுதான். பஸ்ஸில் இருந்த அதே வழக்கம். ஒரு விசில் என்றால் நிற்க வேண்டும். இரண்டு விசில் என்றால் கிளம்பலாம். மத்தியானம் ஒரு விசில் கேட்டால் சடகோபன் மண்வெட்டியைப் போட்டுவிட்டுச் சோற்றுக்கு வருவார். கல்யாணமாகி ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆன பிறகு அதற்குமேல் பேச்சு எதற்கு?

சடகோபன் வெளுத்த வேட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பினார். பாஞ்சாலி நிமிர்ந்து பார்த்தாள்.

"போய் உன் காரியத்துக்கு நீயே பந்தி பரிமாறிட்டு வா," என்றாள்.

*

டில்லிபாபு வீட்டுக் கூடத்தில் நுழைந்ததும் சடகோபன் தன்னைப் பார்த்தார்.

காக்கிச் சட்டை, அடர்ந்த மீசை, நாற்பது வயசு. சந்தன மாலை போட்டு, கீழே சின்னதாக ஒரு சிவப்பு பல்பும் எரிந்தது. மருமகள் ஷோபனா ஓடிவந்து, "மாமா, நேத்து ராத்திரிதான் மாட்டினாரு. நான் வேணாம்னுதான் சொன்னேன்," என்றாள். அவள் எல்லாவற்றையும் வேணாம் என்றுதான் சொல்வாள். பிறகு ஆணியை அவளே எடுத்துக் கொடுப்பாள்.

"மீச நல்லாத்தான் இருந்துகீது," என்றார் சடகோபன்.

கனிமொழி பட்டுப்புடவையோடு அவரைச் சமையல்கட்டுக்கு இழுத்துப் போனாள். கண் சிவந்திருந்தது.

"தாத்தா, நீ ஒரு வார்த்த சொல்லு. நான் போயி அவங்ககிட்ட எல்லாத்தையும் சொல்லிடறேன். கல்யாணமே வேணாம்."

"பையன உனுக்குப் புடிச்சிகீதா?"

அவள் முந்தானையைத் திருகினாள்.

"அப்ப கம்முனு இரு. நான் செத்து முப்பது வருஷமாச்சாம். இன்னும் ஒரு மாசம் செத்துகினு இருந்தா இன்னா இப்ப?"

"குமரேசன்கிட்டயாவது சொல்லிடட்டுமா?"

"தாலி கட்டட்டும். அப்பறம் மெதுவா உயிரோட வரேன்."

சிரிக்கிற மாதிரி சொன்னார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அவருக்கும்தான்.

மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். கஜபதிக்கு ஐம்பத்தைந்து வயசு இருக்கும். வெள்ளைச் சட்டை, பேனா, விரலில் முருகன் மோதிரம். வந்த மனுஷன் பெண்ணைப் பார்க்கவில்லை, சோபாவைப் பார்க்கவில்லை. நேராகப் படத்தின் முன்னால் போய்ச் செருப்பில்லாத காலைச் சேர்த்து நின்று கைகூப்பினார். ரொம்ப நேரம் நின்றார்.

பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த சடகோபனுக்கு எழுந்து நிற்பதா உட்கார்ந்தே இருப்பதா என்று தெரியவில்லை. தனக்கு யாராவது கும்பிடு போட்டால் பதிலுக்குக் கும்பிடுவது வழக்கம். கையைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டார்.

"இவங்க எங்க பெரியப்பா," என்றான் டில்லிபாபு. "அப்பாவோட அண்ணன். கண்டிகைல நெலம் பாத்துகினு இருக்காரு."

கஜபதி படத்தைப் பார்த்தார், ஆளைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார்.

"ஒரே ஜாடையா இருக்குது."

"கூடப் பொறந்தவங்களாச்சே."

"ஆங்," என்றார் கஜபதி. "அம்மாவக் காணோமே?"

"முட்டிவலி. நடக்க முடியல. கண்டிகைலதான் இருக்காங்க."

கனிமொழி காபி கொண்டுவந்தாள். எல்லாருக்கும் கொடுத்துவிட்டுக் கடைசியில் சடகோபன் முன்னால் நின்றாள். "எடுத்துக்கோங்க, பெரிய தாத்தா," என்றாள். 'பெரிய' என்ற இடத்தில் அவள் தடுமாறினாள். வெட்கம் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள். பெண் வெட்கப்பட்டதில் மாப்பிள்ளையின் அம்மாவுக்கு ரொம்பத் திருப்தி.

பேச்சு நல்லபடியாக முடிந்தது. "சாயந்திரம் உங்க பேச்ச நேர்ல கேட்டுட்டுத்தான் போவோம்," என்றார் கஜபதி. டில்லிபாபுவின் முகம் மலர்ந்து, ஒரு நொடி கழித்து அப்பாவின் பக்கம் திரும்பிச் சுருங்கியது. சடகோபன் கண்டிகை பஸ்ஸுக்குக் கிளம்பலாம் என்று எழுந்தார்.

"பெரியவரையும் கூட்டிகினு போலாம்," என்றார் கஜபதி. "தம்பியப் பத்திப் பேசறாங்க, அண்ணன் இல்லாமலா?"

*

மலையடிவாரக் கல்யாண மண்டபத்தில், தன்னம்பிக்கை வளர்க்கும் சிறகு விரி பேரவையின் ஆண்டு விழா. வாசல் பேனரில் டில்லிபாபு கன்னத்தில் விரலை ஊன்றி யோசித்துக்கொண்டிருந்தான். கீழே 'வலிகளின் வழிகாட்டி' என்று போட்டிருந்தது.

முதலில் உறுப்பினர்கள் தங்கள் வாழ்க்கைக் கதையைச் சொல்லும் நிகழ்ச்சி. ஒரு அடகுக்கடைக்காரர், தான் செருப்பில்லாமல் பள்ளிக்கூடம் போன கதையைச் சொல்லிக் கண் கலங்கினார். அவருடைய அப்பா பஜாரில் செருப்புக் கடை வைத்திருந்தது சடகோபனுக்குத் தெரியும். அடுத்து வந்தவர் ஒருவேளைக் கஞ்சியில் வளர்ந்தாராம். மேடைப்படி ஏற அந்தக் கனத்த உடம்பை இரண்டு பேர் தாங்கவேண்டியிருந்தது. அன்றைக்கு அந்த மண்டபத்தில் எல்லாருக்கும் கஷ்டம் தேவைப்பட்டது. கைவசம் இல்லாதவர்கள் கடன் வாங்கிக்கொண்டார்கள்.

பிறகு டில்லிபாபு. மேடையில் அவன் நைனா என்று சொல்வதில்லை. அப்பா. அதுவும் 'அப்பா' என்றுவிட்டுக் கொஞ்சம் நிறுத்துவான். அந்த இடைவெளியில் மூக்கு உறிஞ்சும் சத்தம் கேட்கும். பஸ் மேடேறியது. அப்பா நெஞ்சைப் பிடித்தார். டில்லிபாபு சட்டைப்பையிலிருந்து ஒரு விசிலை எடுத்து உயர்த்தினான். பளபளவென்று புதுசு. விளையாட்டுச் சாமான் கடை விசில். அவன் ஊதினான். மூன்றாவது வரிசையில் ஒரு அம்மாள் விம்மினாள்.

கஜபதி கைக்குட்டையை எடுத்து ஐந்தாவது தரமாக அழுதார்.

சடகோபனுக்கு அலுப்பாக இருந்தது. தன் சாவை நேரில் பார்க்கிறவனுக்குப் பயமாக இருக்கும் என்று சொல்வார்கள். அப்படியெல்லாம் இல்லை. இடுப்புதான் வலிக்கிறது.

கைதட்டல் ஓய்ந்ததும் பேரவைத் தலைவர் அருள்முருகன் மைக்கைப் பிடித்தார். கையில் மைக் கிடைத்தால் அருள்முருகனுக்குப் புதுப்புது யோசனைகள் தோன்றும். "அவையோரே, ஒரு இன்ப அதிர்ச்சி. அந்தத் தியாகத் தீபத்தின் உடன்பிறந்த அண்ணன் நம்மிடையே அமர்ந்திருக்கிறார். மறைந்த தம்பியைப் பற்றி அவர் இரண்டு வார்த்தை பேச வேண்டும்."

டில்லிபாபு கையை ஆட்டினான். "பெரியப்பாவுக்கு முடியாது, வயசாயிடுச்சி" என்று என்னவோ சொன்னான். அதற்குள் இரண்டு பேர் வந்து சடகோபனைத் தூக்காத குறையாக மேடையில் நிறுத்திவிட்டார்கள்.

மைக்கைத் தட்டிப் பார்த்தார். கீழே கனிமொழி வாயில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"வணக்கங்க. எனுக்கு மேடைப் பேச்சு வராதுங்க."

இதைச் சொல்லிவிட்டு இறங்கிவிடலாம் என்றுதான் நினைத்தார். கால் நகரவில்லை. எதிரே வரிசை வரிசையாக உட்கார்ந்த முகங்கள், நடுவில் நடைபாதை. எங்கேயோ பழகின இடம் மாதிரி இருந்தது.

"சடகோபன் பெரிய ஆளெல்லாம் இல்லங்க. கண்டக்டரு. திருத்தணி, ஆர்.கே.பேட்டை, பள்ளிப்பட்டு. சில்லற இல்லன்னா எறங்குன்னுவான். தியாகமா, அதெல்லாம் ஒண்ணும் பண்ணதாத் தெரியல."

யாரோ சிரித்து, பிறகு தப்போ என்று நிறுத்திக்கொண்டார்கள்.

"ரிசல்ட்டு வந்த அன்னிக்குக் காத்தால டிப்போவுல பேப்பரு பாத்தான். புள்ள நம்பரு இருந்துச்சி. பேப்பர மடிச்சிப் பையில வெச்சிகினு வண்டி ஏறிட்டான். டிக்கெட்டு குடுக்கும்போதே ஒவ்வொருத்தர்கிட்டயும் சொல்லிகினே போறான். எம்புள்ள பாஸு, எம்புள்ள பாஸு. யாரும் கேக்கல. ஒரு கெழவி சொல்லிச்சி, உம்புள்ள பாஸானது இருக்கட்டும், மீதிச் சில்லறயக் குடுடான்னு."

இப்போது தைரியமாகச் சிரித்தார்கள்.

"அப்பயும் அவனுக்குப் பத்தல. முன்படிகிட்ட நின்னுகினு பஸ்ஸு பூராவுக்கும் கேக்கற மாதிரி கதை சொன்னான். புள்ள மண்ணெண்ண வெளக்குல படிச்சானாம். வீட்ல கரண்டு இருந்துச்சிங்க. லைட்டு, ஃபேனு எல்லாம் இருந்துச்சி. இருந்தாலும் மண்ணெண்ண வெளக்குன்னுதான் சொன்னான். அப்பதான கேக்க நல்லாருக்கும்?"

மேடையின் ஓரத்தில் நின்ற டில்லிபாபு நிமிர்ந்தான்.

"ஆர்.கே.பேட்டைல வண்டிய நிறுத்தி, எறங்கிப் போய் மிட்டாய் வாங்கியாந்து ஆளாளுக்குக் குடுத்தான். வண்டி லேட்டு. செக்கிங்கு ஏறினாரு. மெமோ. அதையும் சிரிச்சிகினே வாங்கிகினான்."

மூச்சு வாங்கினார்.

"அப்பறம் அவன் எப்பிடிச் செத்தான்னு எனுக்குத் தெரியாதுங்க. புள்ள சொல்றான், சரியாத்தான் இருக்கும். எனுக்குத் தெரிஞ்சி அன்னிக்கு அவன் சாவற மூட்லயே இல்ல."

இறங்கப் போனவர் மறுபடி மைக்குக்கு வந்தார்.

"அவ்ளோதாங்க. அவன் ஒரு பஸ்ஸுக்குச் சொன்னான். இவன் ஊருக்கே சொல்லிகினு கீறான். பேசற குடும்பங்க. வேற ஒண்ணுமில்ல."

கைதட்டுவதா வேண்டாமா என்று ஒருத்தருக்கும் தெரியவில்லை. அழுது முடித்த இடத்தில் சிரிக்க வைத்துவிட்டு, சிரித்த இடத்தில் அப்படியே விட்டுவிட்டுப் போகிற பேச்சு அவர்களுக்குப் பழக்கமில்லை. அருள்முருகன் பொன்னாடையைத் தேடினார். எல்லாவற்றையும் பேரவை நிர்வாகிகளே போர்த்திக்கொண்டு தீர்த்திருந்தார்கள்.

மேடைப்படியில் டில்லிபாபு வந்து அவர் கையைப் பிடித்தான். கோட்டுப் பையில் கைக்குட்டை மடித்தது மடித்தபடி இருந்தது. முகம் மட்டும் நனைந்திருந்தது.

"பாத்து, நைனா. படி," என்றான் காதோரமாக.

அன்றைக்கு அவன் அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. சடகோபன் அந்தக் கையை விடாமல் ஒவ்வொரு படியாக இறங்கினார்.

*

டில்லிபாபு ஆட்டோவுக்குச் சொல்லிவிட்டான். கஜபதி விடவில்லை. மனைவியையும் மகனையும் சம்பந்தி வீட்டில் சாப்பிடச் சொல்லிவிட்டு, பெரியவரைத் தன் காரில் ஏற்றிக்கொண்டார். "கண்டிகை எங்க வழிதான். உட்டுட்டு வந்துடறேன்."

வெயில் இறங்கியிருந்தது. கார் ஊர் எல்லையைத் தாண்டியது. கஜபதி ரோட்டைப் பார்த்தபடியே கேட்டார்.

"பெரியவரே, உங்க தம்பி குடுத்தது இன்னா மிட்டாய்னு ஞாபகம் இருக்குதா?"

"இல்ல தம்பி."

"கமர்கட்டு. எனுக்கு ரெண்டு குடுத்தாரு."

சடகோபன் ஜன்னல் கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அப்ப எனுக்கு இருபத்தஞ்சு வயசு இருக்கும். பேட்டைலருந்து திருத்தணி மார்க்கெட்டுக்குப் பூ மூட்ட போட்டுகினு இருந்தேன். அன்னிக்கு ஒருநாள்தான் மூட்டைக்கு லக்கேஜ் டிக்கெட்டு போடாம உட்டாரு. வேற எந்த நாளும் உட்டதில்ல. காலைல படத்தப் பாத்தப்பவே எங்கயோ பாத்த மொகமா இருந்துச்சி. ஆளு தட்டுப்படல. நீங்க மைக்குல பேச ஆரம்பிச்சதும் கண்ண மூடினேன். பஸ்ஸு வந்துருச்சி."

லாரி ஒன்று தாண்டிப் போகும் வரை நிறுத்தினார்.

"மறுநாளும் நான் அந்த வண்டிலதான் வந்தேன். கண்டக்டரு டியூட்டில இருந்தாரு. அதுக்கடுத்த வருஷமும் இருந்தாரு."

சொல்வதற்கு எத்தனையோ பொய் இருந்தது. மகனாக இருந்தால் அதில் நல்லதாக ஒன்றைப் பொறுக்கி எடுத்திருப்பான். சடகோபனுக்குக் களைப்பாக இருந்தது.

"கொழந்த மேல தப்பில்ல," என்றார். "காலைலயே எல்லாத்தையும் சொல்லிடறேன்னுதான் வந்துச்சி. நான்தான் கம்முனு இருன்னேன். என்னிய இன்னா வேணும்னாலும் சொல்லு. அவளோட கல்யாணத்த நிறுத்திடாத, தம்பி."

கஜபதி கியரை மாற்றினார். கொஞ்ச தூரம் போன பிறகு, தனக்குத்தானே சொல்கிற மாதிரி சொன்னார்.

"அஞ்சு தரம் அழுதுகீறேன், கண்டக்டரே. சொந்தக்காரங்க அத்தன பேருக்கும் அனுப்பிகீறேன். எங்கப்பா செத்தப்பகூட நான் அவ்ளோ அழல."

கோபமா, வருத்தமா, சிரிப்பா என்று அந்தக் குரலில் பிரித்துப் பார்க்க முடியவில்லை. கார் கண்டிகைக்குள் நுழைந்தது. சடகோபன் டீக்கடை அருகிலேயே கையைக் காட்டினார். "இங்க எறங்கிக்கறேன்."

"வீட்டுல அம்மா இருக்காங்க இல்ல? அவங்க கையால ஒரு சொம்புத் தண்ணி குடிச்சிட்டுப் போறேன்."

"அவளுக்கு முட்டிவலி..."

"எழுந்துக்க வேணாம். பாத்தா போதும்."

கார் கடலைக் கொல்லையை ஒட்டிய மண் தெருவில் திரும்பியது. தெருக்கோடியில், வாசலுக்கு நடுவில், இடுப்பில் கையை வைத்துக்கொண்டு பாஞ்சாலி நின்றிருந்தாள். முட்டிவலிக்காரி நிற்கிற மாதிரி தெரியவில்லை. தலையில் மல்லிகை. தாலி ஜாக்கெட்டுக்கு வெளியே. நெற்றிப் பொட்டு, அவள் சொன்னபடியே, தெருமுனையிலிருந்தே தெரிந்தது.

வந்துகொண்டிருப்பது மகனுடைய கார் என்று அவள் நினைத்திருக்க வேண்டும். கழுத்தில் தொங்கியதை எடுத்து உதட்டில் வைத்தாள்.

ஒரு விசில்.

கஜபதியின் கால் தானாகப் பிரேக்கில் இறங்கியது. கார் நின்றது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் முகத்தையே அவர் பார்த்துக்கொண்டிருந்தார். சடகோபன் மடியில் கையைக் கோர்த்துக்கொண்டு காத்திருந்தார்.

இரண்டாவது விசில் வரவில்லை.